மலைக்குப் பக்கத்தில் ஒரு மேடு

பிப்ரவரி 9

தங்கைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே யாரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ வாயைத் திறக்க மாட்டாய், லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் 'ஹலோ, ஹலோ' என்று சுவரைப் பார்த்துக் கூவிக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல். எழுதும்போது மட்டும்தான் உனக்கு வாய் இருக்கிறது.

நேற்று உன் அத்தான் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் பையைச் சோபாவில் எறிந்தார். தட்டு வைத்தேன், தள்ளிவிட்டார். "உன் தங்கச்சி என்ன பண்ணியிருக்கா தெரியுமா? நம்ம பிரஷர் மாத்திரை கெட்டுப்போச்சுன்னு ரிப்போர்ட் எழுதியிருக்கா. கீழே அவ கையெழுத்து, குண்டு குண்டா! அந்த லேப்ல இவளுக்கு வேலை வேணும்னு யாரு போய்ப் பல்லைக் காட்டினது? நான்தானே? இன்னிக்கு முதலாளி முன்னாடி என்னை நிக்க வெச்சுட்டா."

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? நான் பத்தாவதோடு நின்றவள். நீ பட்டம் வாங்கினபோது, எங்கள் வீட்டிலேயே இதுதான் முதல் பட்டம் என்று தெரு முழுக்கச் சொன்னவள். அந்தப் படிப்பு என் வீட்டுச் சோற்றிலேயே மண்ணை அள்ளிப் போடும் என்று அப்போது தெரியாது.

அந்த மாத்திரையைத்தான் எங்களோடு இருக்கும் அப்பாவும் சாப்பிடுகிறார். அத்தானே கொண்டுவந்து தருகிறார். கெட்ட மருந்து என்றால் சொந்த மாமனாருக்குக் கொடுப்பாரா? இதற்குப் பதில் எழுது. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். வெயிலால்தான். உன்னை விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா

—

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவின் தலைசுற்றல் குறைந்ததா? மற்றதற்கு இல்லாவிட்டாலும் இதற்குப் பதில் எழுது.

சோதனைக்கு வந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே அத்தானின் ஃபேக்டரி என்று தெரிந்தது. 'சொந்தக்காரர் வேலை பார்க்கும் கம்பெனி, வேறு யாரிடமாவது கொடுங்கள்' என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அறைக் கதவுவரை போனேன். உள்ளே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து நானே செய்துவிட்டேன்.

என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி, அதில் ஒரு சொட்டுக்கும் குறைவாக மெஷினுக்குள் அனுப்புவோம். உள்ளே ஒரு சாண் நீள எஃகுக் குழாய். அதில் மாவைவிட நைசான தூள் இறுக்கி அடைத்திருக்கும். பம்பு திரவத்தை அழுத்தித் தள்ளும்போது, கரைசலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தத் தூளைப் பிடித்துப் பிடித்து விட்டு, வேறுவேறு நேரத்தில் வெளியே வரும். கூட்டமான பஸ்ஸிலிருந்து இறங்குவது மாதிரி. இடித்துத் தள்ளுகிறவர்கள் முதலில் இறங்குவார்கள், கம்பியை விடாதவர்கள் கடைசியில். ஒவ்வொன்று இறங்கும்போதும் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். பெரிய மலை என்றால் அது மருந்து. அத்தானின் மாத்திரையில் அந்த மலையின் அடிவாரத்தை ஒட்டி ஒரு மேடு இருந்தது. மருந்து உடைந்தால் வருகிற மேடு. இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு.

சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் நடக்கிற சத்தம் கேட்காது, சென்ட் வாசனைதான் முதலில் வரும். "இதை ஏம்மா தனியா வெட்டிக் காட்டுறே? அடிக்கோட்டைக் கொஞ்சம் இழுத்துவிடு, மேடு மலையோட சேர்ந்துடும். ரெண்டும் ஒரே குடும்பந்தானே!"

மலையின் அடியில் கோடு போடுவது கணினியின் வேலை. ஆனால் கையாலும் இழுக்கலாம். ஒரு விரல் அசைந்தால் போதும், கெட்டுப்போனதும் நல்ல மருந்தின் கணக்கில் போய்விடும். நான் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். என் ஊமைத்தனத்தை நீ எப்போதும் திட்டுவாய். அன்று என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அத்தான் நல்லவரா கெட்டவரா என்று மெஷின் சொல்லாது. நானும் சொல்லவில்லை. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

தங்கை

—

மார்ச் 2

மாண்புமிகு விஞ்ஞானி அம்மையாருக்கு,

தங்கள் உடல்நலமும் தங்கள் மெஷினின் உடல்நலமும் ஓங்கட்டும்.

அக்காவுக்கு எழுதிய மலைக் கதையைப் படித்தேன். என் வீட்டு வாசலுக்கு வரும் கடிதத்தை நான் படிக்காமல் யார் படிப்பார்கள்? பஸ் உதாரணம் பிரமாதம். அந்த பஸ்ஸில் உங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவனையே முதலில் தள்ளிவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் இன்னும் பிரமாதம்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இது வெளிச்சம் பட்டால் கெடும் மருந்து. கரைசலைப் பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் வைத்தீர்களா? அல்லது வெறும் கண்ணாடியில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்களா? உங்கள் சூப்பர்வைசரிடம் இதைத்தான் கேட்டேன். "சின்னப் பொண்ணு சார், செஞ்சிருப்பா" என்று சிரித்தார். ஒன்றாகத் தயாரான அதே தொகுப்பிலிருந்து புது அட்டைகள் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்க்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று லேப் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தவன் நான். "உள்ளே எப்படிப் பேசணும் அத்தான்?" என்று கேட்டீர்கள். பேசவே வேண்டாம் என்றேன். அதையே கடைப்பிடித்திருக்கலாம்.

அத்தான்

—

மார்ச் 20

அக்காவுக்கு, அப்படியே அத்தானுக்கும்,

இரண்டு பேரும் நலமா? எப்படியும் இரண்டு பேரும் படிக்கப் போகிறீர்கள், தனித்தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

புது மாத்திரைகளைச் சோதித்தேன். பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். மலை வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது. மேடே இல்லை. சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதல் சோதனையில் என் கவனக்குறைவால் கரைசல் கெட்டது என்று எழுதிக்கொண்டுவந்து நீட்டினார். நான் பழுப்புக் குடுவையில்தான் வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி காதில் சொன்னாள்: "போட்டுத் தொலைடி. முழிச்சுக்கிட்டே நின்னா உண்மையிலேயே நீதான் செஞ்சேன்னு நினைப்பாங்க." போட்டுவிட்டேன்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் குப்பைக் கூடையைப் பார்த்தேன். புது மாத்திரைகளைப் பிய்த்தெடுத்த அட்டை கிடந்தது. தேன் நிறம். இந்த மருந்துக்கு அந்த நிறப் பிளாஸ்டிக்கில்தான் அட்டை போட வேண்டும், வெளிச்சத்தை உள்ளே விடாது. ஆனால் முதல் தடவை வந்த அட்டை தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே இருந்த மாத்திரை மஞ்சளாகத் தெரிந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரே தொகுப்பு என்கிறார்கள். ஒரே தொகுப்புக்கு எப்படி இரண்டு நிறம்?

அக்கா, அப்பாவின் மாத்திரை அட்டை என்ன நிறம்? அவர் அதை மூக்குக்கண்ணாடியோடு ஜன்னல் கட்டையில்தானே வைப்பார்? காலை வெயில் முழுக்க அங்கேதான் விழும். நிறத்தை மட்டும் எழுது. ஒரு வார்த்தை போதும்.

தங்கை

—

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ திட்டியாவது எழுதியிருக்கலாம். நீ திட்டாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னை இப்போது மெஷின் பக்கம் விடுவதில்லை. குடுவை கழுவுகிறேன். கழுவிய குடுவைகளைக் கவிழ்த்துவைக்கும் தட்டு ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் ஜன்னல் நினைவு வருகிறது.

அப்பா எப்படி இருக்கிறார்?

தங்கை

—

மே 10

பட்டதாரித் தங்கைக்கு,

இருக்கிறோம். அப்பாவும் இருக்கிறார். போன வாரம் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். உப்பு சேர்க்கிறேனா என்று என்னைத்தான் கேட்டார். நான் உப்பைத் தொட்டு எத்தனை நாளாகிறது!

உன் கேள்விக்கெல்லாம் பதில் எழுத நான் உன் லேப்பில் வேலை பார்க்கவில்லை. நிறம் கேட்கிறாளாம் நிறம்! அத்தான் உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். மறுநாளே வீட்டிலிருந்த மாத்திரையெல்லாம் வாரிக்கொண்டு போய் வேறு கொண்டுவந்து வைத்தார். போதுமா? உனக்குத் திருப்திதானே?

மாமியார் வீட்டுப் பேச்சைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். கூடப்பிறந்தவள் பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வீட்டு விலாசத்துக்கு இனிமேல் எழுதாதே.

நான் வேலைக்குப் போகும் தையல்கடையில் துணி வெட்டினதில் மிஞ்சிய துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. தையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்வாயே. பழகிப் பார். படிப்புதான் உருப்படவில்லை.

அக்கா

—

மே 21

தையல்கடை விலாசத்துக்கு

அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். விழுந்ததில் கை வீங்கியிருக்கிறதா என்று பார்.

துணித்துண்டைப் பிரித்தேன். உள்ளே நீ சுற்றிவைத்திருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். துணியின் ஓரத்தில் நீ வேலை பார்க்கும் கடையின் விலாசம் தைத்திருந்தது. புரிந்துகொண்டேன். அத்தான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது நீ இதை எங்கே ஒளித்துவைத்தாயோ தெரியவில்லை.

அட்டை தண்ணீர் நிறம்தான். ஐந்து மாத்திரை மிச்சம் இருந்தது. கண்ணாடிக்காரி தன் பெயரில் மெஷினை எடுத்துக் கொடுத்தாள். "யாராவது கேட்டா நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றாள். இரண்டு மாத்திரையைச் சோதித்தேன். அக்கா, மேடு இப்போது மேடாக இல்லை. மலையின் தோளைத் தொடுகிறது. மலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. டாக்டர் எழுதிய அளவு அப்பாவின் உடம்புக்குள் போகவே இல்லை. உன் உப்பின் மேல் தப்பில்லை.

அத்தான் புதிதாகக் கொண்டுவந்ததும் வேண்டாம். வேறு கம்பெனி மாத்திரை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடு.

இனி எழுதப் போவதைப் படித்து நீ கோபப்படுவாய். அத்தான் கடைகளுக்கு வண்டி அனுப்பி அந்த அட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் கடிதத்தில் நிறம் கேட்டதுதான் அவரை எச்சரித்தது. அது என் முட்டாள்தனம். கடையில் இருப்பதை எடுத்துவிடலாம். வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டு ஜன்னலில் இருப்பதை யார் எடுப்பார்கள்? மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். உன்னிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

தங்கை

—

ஜூன் 2

தங்கைக்கு,

அப்பாவுக்கு இப்போது தலைசுற்றல் இல்லை. முந்தாநாள் தானாக எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அதற்கு நன்றி. நன்றி அத்துடன் முடிந்தது.

நான் அட்டை அனுப்பியது என் அப்பாவுக்காக. ஆபீஸுக்கு எழுதுவதற்கு இல்லை. நீ எழுதினால் அத்தானை உள்ளே தூக்கிப் போடுவார்கள். என் பிள்ளைகளிடம் நீ வந்து பதில் சொல்வாயா?

அவரிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். தேன் நிறப் பிளாஸ்டிக் வந்து சேரவில்லையாம், சரக்கு அன்றே போக வேண்டும் என்று முதலாளி மென்னியைப் பிடித்தாராம். இவர் வேறு பிளாஸ்டிக்கில் போட்டு அனுப்பிவிட்டார். "அட்டைக்கு மேல பெட்டி இருக்குல்ல? பெட்டிக்குள்ள வெளிச்சம் எந்த வழியா வரும்? டார்ச் அடிச்சுக்கிட்டா உள்ளே போகும்?" என்கிறார். நீ படித்தவள், நீயே சொல், அதில் என்ன தப்பு? பெட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டு அட்டையை ஜன்னலில் வைத்தது அப்பாதானே?

மற்ற வீட்டு ஜன்னல்களைப் பற்றிப் பேசாதே. யார் வீட்டு அப்பாவோ, உனக்கென்ன? உனக்கு இருப்பது ஒரு அக்கா. எழுதினால் அதுவும் இல்லை.

அக்கா

—

ஜூலை 15

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் எழுதாமல்தான் இருந்தேன். குடுவை கழுவினேன். பிறகு எழுதிவிட்டேன்.

புகார்ப் படிவத்தில் அட்டை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருந்த இடத்தில் 'கடையில் வாங்கியது' என்று எழுதினேன். உன் பெயர் எங்கும் இல்லை. அடிக்கோட்டைக் கையால் இழுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த நான்தான் அதை எழுதினேன். 

அதுவே இப்போது என் கழுத்துக்கு வந்திருக்கிறது. அதிகாரி ஒரு அம்மா. கத்தவில்லை. "எந்தக் கடை?" என்றார். நான் பேசவில்லை. "பில் இருக்கா?" என்றார். அதற்கும் பேசவில்லை. அப்படி ஒரு அட்டை நாங்கள் போட்டதே இல்லை என்று ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் ரிப்போர்ட் தப்பு என்று நானே கையெழுத்துப் போட்ட தாளையும் கொடுத்திருக்கிறார்கள். அத்தான் எனக்கு என்ன உறவு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். குடும்பப் பகை, எங்கேயோ அட்டை தயார் செய்து வெயிலில் வைத்துக் கெடுத்திருக்கிறாள் என்கிறார். வேலையை விட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

என்னிடம் மூன்று மாத்திரையும் பாதி கிழிந்த ஒரு அட்டையும் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாத்திரையை வைத்து மக்களுக்கு அறிவிப்பு செய்ய முடியாது என்கிறார் அந்த அம்மா. அவர் சொல்வதும் சரிதான்.

ஆகஸ்ட் 18 காலையில் கடைசி விசாரணை. அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், இரண்டு அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை

—

ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அப்பா கேட்கச் சொன்னார், அவர் பெயரில் எழுதுகிறேன்.

விசாரணைத் தேதியை எதற்காக எனக்கு எழுதினாய்? வா என்று கேட்க வாய் வராது, தேதியை எழுதுவாய். சின்ன வயதில் பசித்தால் சோறு போடு என்று கேட்க மாட்டாய், தட்டைக் கழுவிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பாய். அதே புத்தி.

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் கடையில் முதலாளியம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெயில் அவள் மேசை முழுக்க. ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதே அட்டை, தண்ணீர் நிறம். கையில் எடுத்தேன். "என்னடி, உனக்கும் பிரஷரா? இந்த வயசுலேயா? புருஷன் அப்படியா படுத்துறான்?" என்று சிரித்தாள். மூன்று மாதமாக அவளுக்கும் தலை சுற்றுகிறது, நூல் கோக்கும்போது ஊசி இரண்டாகத் தெரிகிறது என்று என்னிடம்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் கண்ணாடி மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீயாக இருந்தால் அந்த அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பாய். நான் ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்துவிட்டேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு!" என்று அவள் கத்தினாள். ஏன் எறிந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அத்தான் பெயரைச் சொல்ல வேண்டும். கத்தரியை எடுத்துக்கொண்டு துணி வெட்டப் போய்விட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் ஜன்னலாகவே தெரிந்தது. இதையும் நீதான் என் தலையில் ஏற்றிவிட்டாய். முன்பெல்லாம் நான் தெருவில் ஜன்னல் பார்த்து நடந்ததில்லை.

பதினெட்டாம் தேதி வருகிறேன். அட்டையை என் புருஷன் தன் கையால் வீட்டுக்குக் கொண்டுவந்தார், நான் உனக்கு அனுப்பினேன், என் அப்பா விழுந்தார் என்று அந்த அம்மாவிடம் சொல்வேன். கடையில் வாங்கினது என்று நீ எழுதினது பொய் என்றும் சொல்வேன். அதற்காக உன் வேலை போனால் போகட்டும். என் வீட்டில் மட்டும்தான் போக வேண்டுமா?

உன்னோடு சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஸ்டேஷனுக்கு வராதே. அங்கே உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். முடிந்ததும் அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுவேன். அப்பாவின் அடுத்த மாத மாத்திரையைக் கவரில் போட்டு அலுவலக வாசல்காரரிடம் கொடுத்துவை, வாங்கிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை ஒட்டுவதற்கு முன் அத்தானிடம் நீட்டினேன். "வழக்கமாப் பிரிச்சுப் படிப்பீங்களே, இந்தத் தடவை நானே தரேன். படிச்சுட்டுக் கொடுங்க, போஸ்ட் பண்ணணும்" என்றேன். நின்றுகொண்டே தொடங்கினார், பாதியில் உட்கார்ந்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். மடித்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினார்.

"ஜன்னல்ல கொண்டுபோய் வைப்பாங்கன்னு நான் எப்படிடி நினைப்பேன்?" என்றார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது உன்னிடமிருந்து தொற்றியதுதான்.

அக்கா